கடாரத்து ராசாவின் தாடி

"கடாரத்து ராசாவுக்கு எதுக்கு அண்ணை இவ்வளவு பெரிய தாடி? பிடிபட்ட ராசாவோ, கிறிஸ்மஸ் தாத்தாவோ?"

துசியந்தி கேட்டதும் ஒத்திகைக்கு வந்திருந்த போர்வீரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். லெட்சுமணன் சிரிக்கவில்லை. நெஞ்சுவரை தொங்கிய கறுப்புத் தாடியை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

"தோத்தவன் எங்கலா ஷேவ் பண்றது? கப்பல்ல கத்தியா குடுத்தாங்க?"

கிங்ஸ்பரியில் அது ஈழத்தமிழர் நடத்தும் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. அதன் ஆண்டு விழாவில் ராசேந்திர சோழன் நாடகம் மேடையேறுவது இது இருபத்தோராவது வருஷம். எல்லா வருஷமும் பாலேந்திராதான் சோழன். துசியந்திதான் நாடகத்தைப் பழக்குபவள். கடைசிக் காட்சியில் சிறைபிடிக்கப்பட்ட கடாரத்து மன்னன் கிரீடத்தைக் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போவான். சோழன் சிம்மாசனத்தில் இருந்தபடி மூன்று நிமிஷம் முழங்குவான். அந்த முழக்கத்துக்காகவே மண்டபம் நிறையும்.

போன வருஷம் அது பாதியில் நின்றது. "கங்கை கொண்டேன்" என்ற பாலேந்திரா, அடுத்து எதைக் கொண்டார் என்பதை மறந்துபோனார். வலப்பக்கத் திரையோரம் நின்ற துசியந்தி மூன்று தடவை அடியெடுத்துக் கொடுத்தாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் மட்டும் விழித்துக்கொண்டிருந்தார். "ஈழம், அங்கிள், ஈழம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்த, சனம் சிரித்தது.

நிர்வாகக் குழு ஒரே வரியில் முடித்துவிட்டது. இன்னொரு தடவை தடுமாறினால் கிரீடம் அந்த வேஷத்துக்குக் காத்திருக்கும் சுஜீத்துக்கு. பேச்சைக் குறைப்போம் என்று துசியந்தி கெஞ்சிப் பார்த்தாள்.

"குறைச்சால் அவன் சோழன் இல்லை பிள்ளை, கவுன்சிலர்," என்றார் பாலேந்திரா.

இந்தக் கவலை போதாதென்று லெட்சுமணன் வேறு. பழைய கடாரம் இருந்த கெடாவில் பிறந்த மலேசியத் தமிழர். இத்தனை வருஷமும் முன்வரிசையில் இருந்து பாலேந்திராவைச் சீண்டுவதுதான் அவர் வேலை.

"எங்க ஊரைப் பிடிச்சான், சரி. உங்க ஊரையும்தானே பிடிச்சான்? பிடிச்சவன் வேஷத்தை நீங்களே கட்டிக்கிட்டு ஆடுறீங்க, பாலா."

"அவன் எங்கட ஆள், ஐசே. நீர் போய் உம்மட கப்பலைத் தேடும்."

அப்படிப்பட்டவர் இந்த வருஷம் தானாக வந்து கடாரத்து மன்னன் வேஷம் கேட்டார். வசனமே இல்லாத வேஷம். அதற்கும் ஆயிரம் பிடிவாதம்.

"கிரீடத்தை வச்சிட்டு உள்ள போக மாட்டேன். அங்கேயே மண்டி போட்டிருப்பேன்."

"மூண்டு நிமிஷமோ? அண்ணை, உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு!"

"கைதி எங்கலா போவான்?"

"சரி, வலது பக்கம் இருங்கோ. அப்பதான் சனத்துக்கு முகம் தெரியும்."

"வலது முட்டி ஆப்பரேஷன் பண்ணது. இடது பக்கம்தான் வசதி. நாற்காலியோட ஒட்டி."

பாலேந்திரா திணறுவதைப் பக்கத்தில் இருந்து ரசிக்க ஆசைப்படுகிறார், வேறொன்றுமில்லை என்று துசியந்தி முடிவு செய்தாள். தேநீர் நேரத்தில் பாலேந்திராவின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, அவரை மாத்தட்டோ?"

"விடு பிள்ளை. என்ர காலடியில இருக்க ஆசைப்படுறார். இருக்கட்டும்."

விழா நாளில் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. முன்வரிசையில் சுஜீத், இப்போதே மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு.

லெட்சுமணன் கிரீடத்தை வைத்தார். சோழனின் இடது முழங்காலோடு ஒட்டி மண்டி போட்டுத் தலை குனிந்தார். தாடி வாயை மூடி மார்பில் மடிந்தது. துசியந்தி பிரதியைப் பிடித்தபடி திரையோரம் நின்றாள்.

"கங்கை கொண்டேன்..."

பாலேந்திராவின் பேச்சு நின்றது. தோற்றவனைப் பார்ப்பவர்போல மெல்லக் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஈழம் கொண்டேன்! கடாரம் கொண்டேன்! நாளை என் கொடிகள் நைந்துபோகும். என் கோட்டைக் கல்லைப் பெயர்த்து மாட்டுக்குத் தொட்டி கட்டுவார்கள். நான் வெட்டிய ஏரியில் மட்டும் எவனோ ஒருவன் முகம் கழுவுவான். என் பேரரசில் மிஞ்சப்போவது அதுதான். அது போதும்!"

ஒரு சொல் பிசகவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கைதியின் பக்கம் குனிவார், பிறகு சபையைப் பார்த்து முழங்குவார். வென்றவன் தோற்றவனிடம் இவ்வளவு பரிவு காட்டி இந்த நாடகத்தில் யாரும் பார்த்ததில்லை. மூன்று நிமிஷம் முடிந்தபோது சனம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசியில் சுஜீத்தும் எழுந்தான்.

திரை விழுந்ததும், கைதட்டல் ஓயுமுன்பே, துசியந்தி வலப்பக்கமாக ஓடிவந்தாள்.

"பாலா அண்ணை! கலக்கிப்போட்டீங்கள்!"

அவர் திரும்பவே இல்லை. பக்கத்தில் போய் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அப்போதும் இல்லை.

லெட்சுமணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தாடியைப் பிய்த்தெடுத்தார். வசனமே இல்லாத ராசாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அவரோட வலது காது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லாத. இடது பக்கமா வந்து சொல்லு, அவருக்குக் கேக்கும். அதுக்கு முன்ன எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுலா."