காகித வாடகை

“அப்பா, அதிகாரி வந்து கேட்டா என்ன சொல்லணும்?”

“நீ என் வாடகைக்காரன்னு சொல்லணும்.”

“வாடகை?”

“மாசா மாசம் ஒண்ணாம் தேதி கையில தர்ற.” பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பொறந்ததிலேருந்து ஒரு காபிக்குக் கூட காசு தந்ததில்ல. பொய்யும் பொருந்தச் சொல்லணும்டா!”

வரியைக் குறைப்பதற்காக, ஆண்டுதோறும் அப்பா கையெழுத்தில் வாடகை ரசீது காட்டி வந்தார் மகன். புதிய வரிச் சட்டமோ வீடு வீடாகப் போய் விசாரிக்கச் சொல்லிவிட்டது.

“மாட்டினா வரியோட அபராதமும் சேரும். பாப்பாவோட காலேஜ் ஃபீஸ் அவ்வளவுதான்” என்றாள் மனைவி.

அழைப்பு மணி அடித்தது. பெரியவர் அவசரமாகக் குடும்பப் படத்தைக் கழற்றி சோபாவுக்கு அடியில் தள்ளினார்.

வாசலில் வரி அலுவலக அடையாள அட்டையோடு ஓர் இளைஞர் நின்றார். கதவைத் திறந்த மகனைப் பார்த்ததும் அவர் ஓரடி பின்வாங்கினார்.

“சார்... நீங்களா? எனக்கு ஒதுக்கின முதல் வீடே இதுதான் சார்.”

“அப்ப இதை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயேன்ப்பா.”

“எப்படி சார்? ‘பெத்த அப்பனா இருந்தாலும் விடாதீங்க’ன்னு நேத்து மீட்டிங்ல எங்களுக்கு உத்தரவு போட்டதே நீங்கதானே!”