எதிர்ப்பக்கம்

கர்ப்பிணிகளுக்கான அந்த மருந்தைத் தயாரிக்கும்போது, மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்துதான் சேர வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து சேர்ந்தால் அதன் கண்ணாடிப் பிம்பம் உருவாகும். அது வயிற்றிலிருக்கும் குழந்தையின் விரல்களை வளரவிடாது. மூன்றாம் முறை சோதித்தபோதும், தரச்சோதனை வேதியியலாளர் அமலோற்பவத்துக்கு நூற்றுக்கு நான்கு பிம்பங்கள் கிடைத்தன.

“நாலுதானே மேடம், கையெழுத்துப் போடுங்க. லாரி நிக்குது,” என்றார் மேலாளர் குலசேகரன்.

“போன பேட்ச்சையும் இதே மாதிரிதான் செஞ்சீங்களா சார்?”

“ஆமா. அதுக்கும் நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

அப்போது இந்தச் சோதனை வந்திருக்கவில்லை. அந்த மாத்திரைகள் கடைகளுக்குப் போய் ஐந்து வாரமாகிவிட்டது. அவள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் எண்ணை அழுத்தினாள். குலசேகரன் எழுந்து கதவைச் சாத்தினார்.

“யார் மேல புகார்?” என்றது மறுமுனை.

“முதல்ல என் பேரை எழுதிக்கோங்க,” என்றாள் அமலோற்பவம்.