இடம் பிடித்தவள்

குழந்தை பஸ் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

முதலில் தலை. பிறகு மஞ்சள் கவுன். ஒரு செருப்பு வெளியே விழுந்தது.

"பிருந்தா, நீட்டிப் படுத்துக்க! மூணு சீட்டும் நமக்கு."

வெளியே அவள் அப்பன். தோளில் இன்னொரு பிள்ளை. பின்னால் பைகளோடு மனைவி. மூவரும் படிக்கட்டுக் கூட்டத்தை நோக்கி ஓடினார்கள்.

பிருந்தாவுக்கு ஐந்து வயதிருக்கும். சீட்டில் குறுக்கே படுத்துக்கொண்டாள். மற்ற சீட்டுகளில் துண்டு கிடந்தது, பை கிடந்தது. ஒன்றில் வெறும் தண்ணீர் பாட்டில்.

அதற்குள் படியேறி உள்ளே வந்துவிட்ட ஒருவன் அவள் பக்கத்தில் நின்றான்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை. திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு முழுக்க நின்றே வேலை. இனி தேனி வரை நிற்க வேண்டும். நின்றால் விழுந்துவிடுவான்.

"பாப்பா, கொஞ்சம் நகரு."

"ஆள் வருது."

பெரியவர்களின் அதே அலட்சியத்தோடு சொன்னாள். நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வாயப் பாரு, பஸ்ஸே இவளுதாட்டம்" என்றாள் ஒரு அம்மாள். சிரித்துக்கொண்டே குழந்தையின் கால்களை மடக்கிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். குழந்தை உதைத்தது. அம்மாள் காலைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் குழந்தை மட்டும்.

அவன் அவளைத் தூக்கினான். உட்கார்ந்தான். மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்பா வந்ததும் எந்திரிச்சிர்றேன்."

பொய்யில்லை. எழுந்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்து.

பஸ் கிளம்பியது. கண்ணை மூடினான்.

யாரோ கத்தினார்கள். பண்டிகைக் கூட்டத்தில் யாராவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு கை தட்டிக்கொண்டே வந்தது.

பிறகு தட்டவில்லை.

தூங்கிப்போனான்.

தோளைத் தட்டி எழுப்பியது கண்டக்டர். ஊர் தாண்டியிருந்தது.

"புள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்கோணுங்க."

"என் பிள்ளை இல்லை."

"அப்ப யாரு புள்ளைங்க?"

"அப்பா பின்னாடி இருக்காரு" என்றாள் குழந்தை. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கண்டக்டர் பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். முன்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். யாரும் கை தூக்கவில்லை. அம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தகரத்தைத் தட்டிய கை அவனுக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை.

கண்டக்டர் பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"அவங்கப்பன் அங்கதான் அழுதுட்டிருக்கானாம். பைக்குல அனுப்பறாங்க. நீங்க புள்ளையோட எறங்கி நில்லுங்க."

"நானா?"

"மடியில வச்சிருக்கறது நீங்கதானுங்களே."

விசில்.

"சீக்கிரம் எறங்குப்பா, ஊருக்குப் போக வேண்டாமா?" பின்னால் ஒரு குரல்.

குழந்தையோடு எழுந்தான். படிக்கட்டுக்குப் போவதற்குள் அவன் இடத்தில் ஒருவன் உட்கார்ந்துவிட்டான்.

சாலையோரம். புளியமரம்கூட இல்லை. அடுத்த பஸ்ஸும் இப்படித்தான் வரும்.

குழந்தை இதுவரை அழவில்லை. போகும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவள் அப்பன் தூரத்திலேயே கையை ஆட்டினான்.

குழந்தை சட்டென்று பக்கத்தில் நின்றிருந்தவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சீட்டு போச்சுன்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க."