பதினோராவது சுற்று

"எதிர்ல இருக்கிற பேக்கரிக்காரர் மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க மேடம். புதுச் சாலை வந்தா முதல்ல வயிறெரியப் போறவர் அவர்தான்."

இப்படிச் சொல்லிவிட்டுத் தையல்காரர் தன் கடை ஸ்டூலை நிழலில் எடுத்துப் போட்டார். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

நாற்சந்தியின் நாலு முனையிலும் வண்டிகளை எண்ண நாலு பேர். போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே படுக்கும். மாலைக்குள் எல்லாமாகப் பத்தாயிரம் தேறினால் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை. போன வருஷம் முந்நூறு குறைந்து, கோப்பு அலமாரிக்குத் தூங்கப் போய்விட்டது.

பேக்கரிக்காரர் நெரிசலில் பிழைப்பவர் என்பது கண்கூடு. வண்டிகள் நின்றால் போதும், அவர் மனைவி தட்டோடு இறங்கிப் பேருந்து ஜன்னல்களில் பன் நீட்டினாள். ஓடுகிற வண்டியில் யார் பன் வாங்குவார்கள்?

பத்து மணிக்கு நீல வேன் ஒன்று போனது. கதவில் ஒரு சொட்டை. பொறியாளர் கோடு போட்டாள். பத்தரைக்கு அதே சொட்டை. பதினொன்றுக்கு மறுபடியும். ஓட்டியது சாட்சாத் பேக்கரிக்காரர். ஒவ்வொரு முறையும் சந்தி நடுவில் திரும்பத் தெரியாமல் அவர் திண்டாட, பின்னால் பேருந்துகள் வரிசை கட்ட, அங்கே தட்டு காலியானது.

தையல்காரருக்கு வாயெல்லாம் பல். தானே நெரிசலை உண்டாக்கித் தானே விற்கிறார், இந்த மூளை நமக்கு இல்லாமல் போயிற்றே என்று ஊசியில் நூல் கோத்தபடி பெருமூச்சு விட்டார்.

மூன்று மணிக்கு, பதினோராவது சுற்றில், அவள் வேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இறங்குங்க. நாலு பன் விற்க ஊரையே நிறுத்தி வைப்பீங்களா?"

இறங்கினார். திருட்டு முழி.

"மெதுவாப் பேசுங்க மேடம். சரக்கு கொண்டுபோறேன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன். உண்மை தெரிஞ்சா என்னையே அடுப்புல வெச்சிடுவா."

வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு ரொட்டித்துண்டு கூட இல்லை.

"அப்ப எதுக்குச் சுத்துறீங்க?"

"போன தடவை முந்நூறுதானே குறைஞ்சது? அதான்... நம்மால ஆனது."

சிரிக்கவா, கடிந்துகொள்ளவா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரே வண்டி ஒரு தடவைதான் கணக்கு, மீதிப் பத்துக் கோடுகளையும் அடித்து நீக்கியாயிற்று என்றாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. இருட்டும் வரை சுற்றுவதாக இருந்தாராம். வேன்கூட மச்சானிடம் கெஞ்சி வாங்கியதாம்.

"புதுச் சாலை வந்தா ஒரு வண்டியும் இங்க நிக்காதுங்க. உங்க கடை படுத்துடும். தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

பேக்கரிக்காரர் சந்தியின் நடுவைக் கைகாட்டினார்.

"போன மாசம் ஒரு ஆம்புலன்ஸ் இங்க இருபது நிமிஷம் நகர முடியாம நின்னுது மேடம். அந்த இருபது நிமிஷமும் நான் ஜன்னல் ஜன்னலா பன் வித்துக்கிட்டிருந்தேன். ஒண்ணுகூட மிஞ்சல."