ஒரு கேள்வியாவது

அசிஸ்டெண்ட் புரொஃபசர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஜெஸ்லின் ஒரு மாதம் படித்தாள். கேள்வி கேட்க வரும் பேராசிரியர்களின் கட்டுரைகளைக்கூட ஒன்று விடவில்லை.

"எதுக்கு இத்தனை பாடு? ஆளை முன்னமே உறப்பிச்சு முடிவு பண்ணியாச்சாம்," என்றான் தம்பானூர் லாட்ஜில் தங்கித் தேர்வுக்கு வந்து, அவளோடு வெளியே காத்திருந்த பிரஜின்.

"தெரியும். அதனாலதான் படிச்சேன்."

உள்ளே போன ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் வறுத்தெடுத்தார்கள். பிரஜின் சட்டை நனைய வெளியே வந்தான்.

அடுத்தது ஜெஸ்லின். பேரைக் கேட்டார்கள். படிப்பைக் கேட்டார்கள். "சரி, போகலாம்."

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஓரத்தில் இருந்த பேராசிரியரைப் பார்த்தாள்.

"சார், உங்க கடைசிக் கட்டுரையில மூணாவது அட்டவணை தப்பு. ஏன்னு கேளுங்க, சொல்றேன்."

பேராசிரியர் நடுவில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் அரை மணி நேரம். எனக்கு மட்டும் ரெண்டு நிமிஷமா? கேள்வி கேக்காம எழும்ப மாட்டேன்."

நடுவில் உட்கார்ந்திருந்த கல்லூரி மேனேஜர் கையைப் பிசைந்தார்.

"மக்ளே, வேலை உனக்குத்தான். அப்பா சொல்லுதேன்லா, வீட்டுக்குப் போ."

"அப்பா வீட்டுல. இங்க கேள்வி கேளுங்க, சார். வெளிய நிக்கிற பிரஜினைவிட எனக்கு ஒரு மார்க் குறைஞ்சாலும், வேலை அவருக்கு."