எதிரி வீட்டு நுரை

சந்தை நாள் காலை. லெட்ஃபோர்டு ஊரில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பிரெண்டன் பியர் ஆலையில், இரண்டு வெறும் வாளிகளோடு ஜெத்ரோ தன் முதலாளி ஓக்லியம்மாளின் பின்னால் நிற்கிறான். ஓக்லி குடும்பத்து ஆலையில் பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் கெட்டுப்போய்விட்டது. அங்கே தொட்டி நிறைய வடித்த பார்லிச் சாறு ஆறிக் கிடக்கிறது. மதியத்துக்குள் ஈஸ்ட் விழாவிட்டால் அத்தனையும் சாக்கடைக்குத்தான். முதலாளியம்மாளின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தோடு பேச்சு அறுந்த வீடு இது. ஊரே பார்க்க, ஓக்லியம்மாள் தலை குனியாமல் நடந்து வந்திருக்கிறார். ஜன்னல் பலகைகளின் இடுக்கில் நுழையும் வெயில், நுரை பொங்கும் தொட்டியின் மேல் கீற்றுக் கீற்றாக விழுகிறது. அறையெங்கும் பழுத்த ஆப்பிள் வாசனை. வெளியே செம்மறிகள் கத்துகின்றன.

“எங்க பியரைக் கழுநீர்னு சொன்ன வாய்தானே அம்மா இது?” என்கிறார் கிழவர் பிரெண்டன்.

“இப்பவும் சொல்றேன். உங்க ஈஸ்ட்ல குத்தமில்ல, கைதான் சரியில்ல.”

கிழவரின் தொப்பை குலுங்குகிறது, சிரிக்கிறார். அகன்ற கரண்டியால் ஈஸ்ட் நுரையை வழித்து இரண்டு வாளிகளிலும் சரிக்கிறார். கெட்டித் தயிர்போல் அது மெதுவாக அமர்கிறது.

“எங்க ஆலை எரிஞ்சப்போ உங்க தாத்தா ஒரு வாளி குடுத்தாரு தாயி. அதுலேருந்து வளர்ந்ததுதான் இது. உங்கப்பன் ஒரு நாளாவது திருப்பிக் கேக்க வருவான்னு நானும் பார்த்தேன், வரவேயில்ல.”

ஓக்லியம்மாள் கையுறையைக் கழற்றுகிறார். விரலால் நுரையைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறார்.

“நம்மளுதுதான் ஜெத்ரோ” என்கிறார். “சிந்தாமத் தூக்கு.”

இன்னொரு வாளியை அவரே தூக்கிக்கொள்கிறார்.