சித்தப்பா சொன்ன மழை

"எல்லாத்தையும் கீழே இறக்குங்க! மழை வருது!"

மூச்சிரைக்க மொட்டை மாடிக்கு ஓடிவந்த சித்தப்பா இப்படிக் கத்தியதும் சிட்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா இன்றோடு பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். சாயங்காலம் மாடியில் விருந்து. காலையில் ஒரு பாட்டம் மழை கொட்டி ஓய்ந்த பிறகு, ஈரத்தைத் துடைத்து, நாற்காலி போட்டு, சுற்றிலும் கலர் பல்பு கட்டி முடித்து இப்போதுதான் நிமிர்ந்திருந்தாள்.

"அதான் காலையிலயே பெஞ்சு முடிஞ்சிடுச்சே சித்தப்பா!"

"அது சும்மா முன்னோட்டம்மா. பெரிய ஆளு பின்னாடி வர்றான். குளிர் முகப்புன்னு நான் சொல்லியிருக்கேனே, அது. சூடான காத்துக்கு அடியில குளிர்ந்த காத்து ஆப்பு மாதிரி நுழையும். சூடான காத்து விறுவிறுன்னு மேலே ஏறி மேகமாத் திரளும். காத்து திசை திரும்பும், இடி இடிக்கும், உன் பல்பெல்லாம் பறக்கும்!"

வானிலை ஆபீஸில் வேலை பார்ப்பவர். அந்த விஷயத்தில் மட்டும் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டார். "மழை வரும்போல இருக்கே" என்று யாராவது பேச்சுக்குச் சொன்னால்கூட, "எந்தப் பக்கத்துக் காத்தை வச்சுச் சொல்றீங்க?" என்று பிடித்துக்கொள்கிற மனுஷன். அவரே சொன்ன பிறகு என்ன செய்வது?

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள். லிஃப்ட் வேறு காலையிலிருந்து மக்கர். நாலு மாடிப் படியில் மேஜையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

கீழே வண்டி நிறுத்தும் இடம். ஒரு பக்கம் ஸ்கூட்டர்கள், இன்னொரு பக்கம் தண்ணீர் மோட்டார், நடுவில் விருந்து. விளங்கினமாதிரிதான் என்று சிட்டு மனசுக்குள் பொருமினாள்.

இருட்டியது. பொட்டு மேகம் இல்லை. நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"எங்க சார் உங்க மழை? பஸ்ஸை விட்டுடுச்சா?" என்றார், அப்பாவோடு ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இவர் பேச்சைக் கேட்டு என் இடுப்பு போனதுதான் மிச்சம்" என்றார் மாமா.

சித்தப்பா உட்காரவே இல்லை. வாசலுக்குப் போவதும் வானத்தைப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தார். "வரும், வரும். இன்னும் கொஞ்ச நேரம்."

"போதும் சித்தப்பா. எவ்வளவு ஆசையாப் பண்ணினேன் தெரியுமா? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க" என்று சிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்குங்க, மேலேயே போயிடலாம்!" என்றார் கண்டக்டர்.

ஓவென்று எல்லோரும் எழுந்தார்கள். அப்பாவும் எழுந்தார். "எனக்கென்ன, நான் ரெடி!"

"வேணாம் அண்ணே, சொன்னாக் கேளுங்க!" சித்தப்பா குறுக்கே கையை நீட்டினார். யார் கேட்டார்கள்?

சிட்டு கோபத்தோடு வாசலில் போய் நின்றாள். காற்று ஜில்லென்று முகத்தில் பட்டது. நேற்று ராத்திரி முழுக்க என்ன புழுக்கம்! காலையில் அந்த மழை கொட்டிய பிறகுதான் காற்று இந்தப் பக்கமாகத் திரும்பி இப்படிக் குளிர்ந்திருக்கிறது.

சட்டென்று பொறி தட்டியது. பள்ளிக்கூட நாளில் சித்தப்பா சாப்பாட்டு மேஜையில் கைக்குட்டைக்கு அடியில் ஸ்கேலை நுழைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம். முகப்பு வருவதற்கு முன் புழுக்கம். வரும்போது மழை. தாண்டிப் போய்விட்டால் காற்று திரும்பிக் குளிர்ந்து, வானம் கழுவிவிட்டமாதிரி ஆகிவிடும்.

பின்னாலேயே வந்து நின்ற சித்தப்பாவிடம் திரும்பினாள். "உங்க முகப்பு காலையிலயே இந்த ஊரைத் தாண்டிப் போயிடுச்சு. அப்படித்தானே? இது தெரியாதா உங்களுக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா. மத்தியானம் நான் வந்தப்ப உங்கப்பா ரெண்டாவது மாடிப் படியில உட்கார்ந்திருந்தாரு. லிஃப்ட் இல்லையே, மேல வரைக்கும் ஏற முடியுதான்னு பார்த்திருக்காரு போல. காலமெல்லாம் கிளட்ச் மிதிச்ச முட்டியாச்சே. எழுந்திருக்க முடியாம கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரும்மா. மெல்ல இறங்கி வீட்டுக்குள்ள போற வரைக்கும் நான் மறைஞ்சே நின்னேன். கேட்டா 'எனக்கென்ன'ன்னுதான் சொல்வாரு. உன் ஆசையைக் கெடுக்க அவருக்கு மனசு வராது."

சிட்டு திரும்பிப் பார்த்தாள். அப்பா கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடி, சிரித்த முகத்தோடு முதல் படியில் காலை வைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

"அப்பா, இறங்குங்க! யாரும் மேலே போகாதீங்க! காத்து திரும்பிடுச்சு, சித்தப்பா சொன்ன மழை வந்துக்கிட்டே இருக்கு!"